போர்ட் 80-இல் இருப்பது யார்? அப்பாச்சி எழும்பாதபோது தேட வேண்டிய இடங்கள்

கேள்வியின் சுருக்கம்: உப்புவெளியில் எட்டு அறை விருந்தினர் விடுதி. வரவேற்பு மேசையில் உள்ள பழைய விண்டோஸ் 10 லப்டொப்பில் எக்ஸாம்ப் (கணினியையே வெப் சேர்வராக்கும் மென்பொருள் தொகுப்பு) போட்டு, அதில் அறைப்பதிவு மென்பொருள் ஓடுகிறது. சமையலறை டப்லெட்டும் மேலாளரின் போனும் அதே வைஃபையில் 192.168.1.10 என்று தட்டி அதைத் திறக்கின்றன. நேற்றிரவு கரண்ட் போனது. லப்டொப்பில் பற்றரி செத்துக் கனகாலம், அதனால் அப்படியே அணைந்துவிட்டது. காலையில் அப்பாச்சியை (எக்ஸாம்பிலுள்ள வெப் சேர்வர்) ஸ்டார்ட் செய்தால், போர்ட் 80-ஐ (வெப் பக்கங்கள் போய்வரும் வாசல் எண்) பிஐடி 4 (பிஐடி என்பது ஓடும் நிரலின் அடையாள எண்) பிடித்து வைத்திருக்கிறது, அந்த புரொசெஸைத் திறக்க முடியவில்லை என்று சிவப்பில் வருகிறது. மைஎஸ்கியூஎல் (எக்ஸாம்பிலுள்ள தரவுத்தளம்) மஞ்சளாகி, சில வினாடியில் அணைகிறது. போன வாரம் ஒரு கணக்கு மென்பொருள் போட்டோம். அப்பாச்சியின் போர்ட்டை 8080க்கு மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மாற்றினால் அப்பாச்சி எழும்பும்தான். ஆனால் டப்லெட்டும் போனும் பழைய முகவரியிலேயே போய் வேறு யாருடைய பக்கத்திலோ நிற்கும். முதலில் 80-ஐப் பிடித்திருப்பது யார் என்று பாருங்கள். இரண்டில் யார் இடம் மாறுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். இன்னொன்று, நீங்கள் ஒன்றாகக் கேட்டிருந்தாலும் இங்கே இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. அப்பாச்சியின் பிரச்சினை போர்ட். மைஎஸ்கியூஎலின் பிரச்சினை பெரும்பாலும் போர்ட் அல்ல, நேற்றைய கரண்ட். அதைப் பின்னால் சொல்கிறேன்.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.)

ஒரு இறங்குதுறையில் ஒரு வள்ளம்தான் கட்டலாம் என்பதுபோல, ஒரு ஐபி முகவரியில் ஒரு போர்ட் எண்ணை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியும். முதலில் வந்தவருக்கே இடம். நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. போன வாரம் கணக்கு மென்பொருளைப் போட்டபோது அப்பாச்சி ஏற்கெனவே 80-இல் உட்கார்ந்திருந்தது. புதிதாக வந்தது இடம் கேட்டுத் தோற்று, சத்தமில்லாமல் ஒதுங்கியிருக்கும். நேற்றிரவு லப்டொப் அணைந்து திரும்ப எழும்பியபோது வரிசை தலைகீழானது. விண்டோஸ் சேர்விஸ்கள் (பின்னணியில் தாமாக ஓடும் நிரல்கள்) யாரும் லொகின் செய்வதற்கு முன்பே எழும்பிவிடும். அப்பாச்சியோ நீங்கள் காலையில் வந்து பட்டனை அழுத்தும் வரை காத்திருக்கிறது. அப்பாச்சியைப் பொறுத்தவரை கரண்ட் போனது பழுதை உண்டாக்கவில்லை. ஒரு வாரமாக ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

பிடித்திருப்பவரைப் பார்க்க ஆகச் சுலபமான வழி எக்ஸாம்ப் கொண்ட்ரோல் பனலின் வலப்பக்கத்திலுள்ள நெட்ஸ்டாட் பட்டன். எந்த போர்ட்டில் எந்த நிரல், அதன் பிஐடி என்ன என்று அட்டவணையாகக் காட்டும். கட்டளை வழியாகப் பார்க்க விரும்பினால், கமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து «நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ» என்று கொடுங்கள். நெட்ஸ்டாட், ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, அதோடு ஒட்டி மூன்று எழுத்துகள்.

வரும் பட்டியலை வாசிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐந்து நெடுவரிசைகள் இருக்கும். இரண்டாவது உங்கள் கணினியின் முகவரி, மூன்றாவது மறுமுனையின் முகவரி, நான்காவது நிலை, ஐந்தாவது பிஐடி. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது நெடுவரிசையில் :80 என்று முடிந்து, நான்காவதில் லிஸனிங் என்று இருக்கும் வரி மட்டுமே. மூன்றாவது நெடுவரிசையில் :80, :443 என்று பத்து வரி கிடந்தால் அது உங்கள் பிரவுசர் வெளியே உள்ள தளங்களோடு பேசுவது. அதற்கும் இந்த மோதலுக்கும் சம்பந்தமில்லை. அதைப் பார்த்துவிட்டு குரோமை மூடுகிறவர்கள் அதிகம். :8080 என்ற வரியையும் :80 என்று வாசித்துவிடாதீர்கள்.

கிடைத்த பிஐடி சாதாரண எண்ணாக இருந்தால், உதாரணமாக 5312, டாஸ்க் மனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போய் பிஐடி நெடுவரிசையால் வரிசைப்படுத்தினால் பெயர் தெரியும். அங்கே எச்டிடிபிடி.எக்ஸ்இ என்று இருந்தால் திருடன் வேறு யாருமில்லை, அப்பாச்சியேதான்: கொண்ட்ரோல் பனல் மூடியபிறகும் சாகாமல் நின்ற பழைய பிரதி, அல்லது யாரோ ஒருமுறை சேர்விஸாகவும் போட்டுவிட்ட இரண்டாவது அப்பாச்சி. சேர்விஸ் பட்டியலில் அப்பாச்சி2.4 என்று தேடுங்கள். இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். ஸ்கைப்பை மூடு என்ற பழைய அறிவுரை இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 80, 443 இரண்டையும் பிடித்த காலம் ஒன்று இருந்தது, 2025 மே மாதத்தோடு ஸ்கைப்பே மூடப்பட்டுவிட்டது.

உங்களுக்கு வந்திருப்பது பிஐடி 4. அது சிஸ்டம், அதாவது விண்டோஸின் கருவே. அதை எண்ட் டாஸ்க் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். கருவுக்குள் எச்டிடிபி.சிஸ் என்று ஒரு டிரைவர் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட்டின் வெப் சேவைகள் தாங்களே போர்ட்டைத் திறப்பதில்லை. "இந்த முகவரிக்கு யாராவது வந்தால் எனக்கு அனுப்பு" என்று அந்த டிரைவரிடம் பதிந்துவிட்டுப் பின்னால் இருந்துகொள்ளும். அதனால்தான் நெட்ஸ்டாட்டில் வாசற்காரனின் எண் தெரிகிறது, வீட்டுக்காரனின் எண் தெரிவதில்லை. வீட்டுக்காரனைப் பார்க்க இன்னொரு கட்டளை இருக்கிறது: «நெட்எஸ்எச் எச்டிடிபி ஷோ சேர்விஸ்ஸ்டேட்». நான்கு சொற்கள், கடைசிச் சொல்லில் சேர்விஸும் ஸ்டேட்டும் ஒட்டியிருக்க வேண்டும். நீளமாக வரும், :80 உள்ள பதிவு முகவரியைத் தேடி, அதே பகுதியில் உள்ள புரொசெஸ் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு «டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி» கொடுத்தால் அந்த எண்ணில் எந்த சேர்விஸ் இருக்கிறது என்று வரும்.

அதற்கும் முன் ஒரு சின்னச் சோதனை. அந்த லப்டொப்பிலேயே பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டுங்கள். பல மொழிகளில் வரவேற்புச் சொல் எழுதிய நீலப் பக்கம் வந்தால் அது ஐஐஎஸ், விண்டோஸின் சொந்த வெப் சேர்வர். சில கணக்கு, களஞ்சிய மென்பொருள்களின் நிறுவிகள் அதைக் கேட்காமலே இயக்கிவிடும். 404 பிழையோடு வெறும் பக்கம் வந்தால் எஸ்கியூஎல் சேர்வரின் (மைக்ரோசொஃப்ட்டின் தரவுத்தளம்) ரிப்போர்ட்டிங் சேர்விஸஸ் என்ற அறிக்கைப் பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வரில் ஓடும் கணக்கு மென்பொருளோடு அதுவும் சேர்ந்து வருவதுண்டு.

இணையத்தில் இதற்குச் சொல்லப்படும் குறுக்குவழி «நெட் ஸ்டொப் எச்டிடிபி». அடித்தால், இவற்றையும் நிறுத்தவா என்று ஒரு பட்டியலைக் காட்டி உறுதி கேட்கும். அந்தப் பட்டியலைப் பொறுமையாக வாசியுங்கள், அதில் நிற்பவர்தான் நீங்கள் தேடுகிறவர். ஆனால் ஆம் என்று சொல்லாதீர்கள். அதே பட்டியலில் பிரின்ட் ஸ்பூலரும் இருக்கும். எச்டிடிபியை நிறுத்தினால், அல்லது ரெஜிஸ்ட்ரியில் போய் நிரந்தரமாக முடக்கினால், அப்பாச்சி எழும்பும், பிரின்டர் செத்துவிடும். விருந்தினருக்கு பில் அடிக்கிற நேரத்தில் அது தெரியவரும்.

சரியான இடம் சேர்விஸ் பட்டியல். விண்டோஸ் விசையையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி, சேர்விஸஸ்.எம்எஸ்சி என்று கொடுங்கள். வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சேர்விஸ் என்பதுதான் ஐஐஎஸ். கணக்கு மென்பொருளுக்கு அது தேவையில்லை என்று உறுதியானால் ஸ்டொப் செய்து, ஸ்டார்ட்அப் டைப்பை டிஸேபிள்ட் ஆக்குங்கள். ஸ்டொப் மட்டும் செய்துவிட்டு விட்டால் அடுத்த மின்வெட்டுக்கு இதே கதைதான்.

தேவை என்றால் இரண்டில் ஒன்று இடம் மாற வேண்டும். என் தீர்ப்பு: யாருடைய முகவரி அதிகக் கருவிகளில் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அவர் 80-இலேயே இருக்கட்டும். உங்கள் விடுதியில் அது அறைப்பதிவு. கணக்கு மென்பொருளை ஒரே ஒரு லப்டொப்பில் ஒருவர்தான் திறக்கிறார். எனவே ஐஐஎஸ் மனேஜரில் சைட்ஸ், டிஃபோல்ட் வெப் சைட், பைண்டிங்ஸ், எடிட் என்று போய் 80-ஐ 8085 ஆக்குங்கள். ரிப்போர்ட்டிங் சேர்விஸஸ் என்றால் அதன் சொந்த கொன்ஃபிகரேஷன் மனேஜரில், வெப் சேர்விஸ் யூஆர்எல், வெப் போர்ட்டல் யூஆர்எல் இரண்டு பக்கத்திலும் எண்ணை மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் 80-இல் பாதிக் கால் ஊன்றியபடியே நிற்கும். எதைச் செய்வதற்கு முன்னும் மென்பொருள் தந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது, எண் அவர்களுடைய கொன்ஃபிக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்கலாம்.

அப்பாச்சியைத்தான் நகர்த்த வேண்டும் என்ற நிலை வந்தால், கொண்ட்ரோல் பனலில் அப்பாச்சி வரிசையின் கொன்ஃபிக் பட்டனில் எச்டிடிபிடி.கொன்ஃப் திறக்கும். லிஸன் 80 என்ற வரியையும் சேர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட்:80 என்ற வரியையும் மாற்றுங்கள். 8080 வேண்டாம்: எக்ஸாம்போடு வரும் டொம்கட் (இன்னொரு வெப் சேர்வர்) அதைத்தான் பயன்படுத்தும். 8081 அல்லது 8090 போடுங்கள். 6000, 6667 போன்ற எண்களும் வேண்டாம். சேர்வர் எழும்பும், ஆனால் குரோம் அவற்றைப் பாதுகாப்பற்ற போர்ட் என்று சொல்லித் திறக்க மறுக்கும். வேறு தளங்களை எச்டிடிபிடி-விஹோஸ்ட்ஸ்.கொன்ஃப் கோப்பில் வைத்திருந்தால் அங்குள்ள *:80 எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கொண்ட்ரோல் பனலின் மேல் மூலையிலுள்ள கொன்ஃபிக்கில், சேர்விஸ் அண்ட் போர்ட் செட்டிங்ஸ் பகுதியிலும் எண்ணை மாற்றாவிட்டால் பனல் பழைய 80-ஐயே சோதித்து, ஒன்றுமில்லாததற்குச் சிவப்பில் கத்தும். கடைசியாக விண்டோஸ் பயர்வோலில் அந்தப் புதிய எண்ணுக்கு உள்வரும் அனுமதி கொடுங்கள். லப்டொப்பில் திறக்கிறது, டப்லெட்டில் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் காரணம் அநேகமாக அதுதான்.

443 (எச்டிடிபிஎஸ்ஸுக்கான போர்ட்) தனிக்கணக்கு. 80-ஐச் சரிசெய்த பிறகும் அப்பாச்சி எழும்பாமல் இருக்கலாம், ஏனெனில் இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அது முழுதாகப் படுத்துவிடும். ஐஐஎஸ் அதையும் பிடிக்கலாம், பழைய விஎம்வெயார் வர்க்ஸ்டேஷனும் பிடிக்கும். உங்கள் விடுதிக்குள் எச்டிடிபிஎஸ் பயன்படுத்தவில்லை என்றால் எச்டிடிபிடி-எஸ்எஸ்எல்.கொன்ஃப் கோப்பில் லிஸன் 443-ஐ 4433 ஆக்கி, அதே கோப்பில் கீழே விர்ச்சுவல்ஹோஸ்ட் வரியிலும் சேர்வர்நேம் வரியிலும் உள்ள 443-ஐயும் மாற்றிவிடுங்கள்.

இனி, பனலில் சிவப்பு எழுத்து தெளிவாக எதுவும் சொல்லாத நேரத்துக்கு. லொக்ஸ் பட்டனை அழுத்தி எரர்.லொக் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். போர்ட் மோதலில் அந்தக் கோப்பு வெறுமையாக, அல்லது நேற்றைய வரியோடு நின்றிருக்கும். அப்பாச்சி போர்ட்டைப் பிடிப்பது லொக் கோப்பைத் திறக்கும் அதே கட்டத்தில், அதற்குச் சற்று முன். போர்ட்டில் தோற்றால் எழுதக் கோப்பே இருக்காது. ஆகவே நிரலை நேரடியாக ஓட்டுங்கள். கமாண்ட் ப்ரொம்ப்டில் சி டிரைவ், எக்ஸாம்ப், அப்பாச்சி, பின் என்று உள்ளே போய் எச்டிடிபிடி.எக்ஸ்இ என்று மட்டும் கொடுங்கள். பிழை திரையிலேயே வரும். அதில் ஏஎச்00072 என்ற எண் இருந்தால் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை என்று பொருள். அதற்குக் கீழே ஏஎச்00015, லொக்கைத் திறக்க முடியவில்லை என்று வரும். அதை நம்பி ஃபோல்டர் அனுமதிகளைக் கிளறாதீர்கள், அது முதல் பிழையின் வால் மட்டுமே.

ஏஎச்00072 வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஓஎஸ் (இயங்குதளம்) எண்ணும் பேசும். 10048 என்றால் வேறொருவர் சாதாரணமாகப் பிடித்திருக்கிறார். 10013 என்றால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது: எச்டிடிபி.சிஸ் போல ஒருவர் தனியுரிமையோடு பிடித்திருக்கலாம், அல்லது விண்டோஸே அந்த எண்ணை ஒதுக்கி வைத்திருக்கலாம். இரண்டாவது வகையில் நெட்ஸ்டாட்டில் ஒருவரும் தெரியமாட்டார், ஆனாலும் போர்ட் கிடைக்காது. ஹைப்பர்-வி அல்லது டொக்கர் (கணினிக்குள் தனித்தனிச் சூழல்களை ஓட்டும் மென்பொருள்கள்) போட்ட கணினிகளில் இது நடக்கும். «நெட்எஸ்எச் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்குளூடட்போர்ட்ரேஞ்ச் புரொட்டோகோல்=டிசிபி» கொடுத்தால் ஒதுக்கிய எண்கள் தொடக்கம், முடிவு என்று வரும். உங்கள் எண் அதற்குள் விழுந்தால் சண்டை போடாமல் வேறு எண் எடுங்கள்.

திரையில் போர்ட் பிழையே வராமல் சின்டாக்ஸ் எரர் என்று கோப்புப் பெயரும் வரி எண்ணும் வந்தால், அது கொன்ஃபிக்கில் கை பட்ட தவறு. எச்டிடிபிடி -டி என்று கொடுத்துச் சோதித்துக்கொண்டே திருத்தலாம். ஆனால் பழைய அப்பாச்சிப் பதிப்புகளில் அந்தச் சோதனை பிடிக்காத ஒரு தவறு உண்டு: லிஸன் 80 என்ற வரியை இரண்டு இடத்தில் எழுதிவிட்டால் இலக்கணம் சரி என்றே வரும், ஓட்டும்போது அப்பாச்சி தன் இடத்தைத் தானே பிடித்துவிட்டு இடமில்லை என்று அழும்.

இப்போது மைஎஸ்கியூஎல். பனலில் அது காட்டும் செய்தி போர்ட் தடையாக இருக்கலாம், அனுமதிக் குறைவாக இருக்கலாம், கிராஷாக இருக்கலாம் என்று நாலைந்தையும் அடுக்கும். முதலில் இருப்பது போர்ட் என்பதால் எல்லோரும் மைஎஸ்கியூஎலின் போர்ட் 3306-ஐ 3307 ஆக்க ஓடுகிறார்கள். ஓடாமல், எக்ஸாம்ப், மைஎஸ்கியூஎல், டேட்டா ஃபோல்டருக்குள் உள்ள மைஎஸ்கியூஎல்_எரர்.லொக் கோப்பின் கடைசி இருபது வரியை வாசியுங்கள். இந்த போர்ட்டில் வேறொரு மைஎஸ்கியூஎல்டி ஓடுகிறதா என்று அது கேட்டிருந்தால் மட்டும் போர்ட் மோதல். அப்போது சேர்விஸ் பட்டியலில் இன்னொரு மைஎஸ்கியூஎல் இருக்கும். அது கணக்கு மென்பொருளுடையதாக இருந்தால் நிறுத்த முடியாது, எக்ஸாம்பின் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். மை.ஐஎன்ஐ கோப்பில் 3306 இரண்டு இடத்தில் வரும், இரண்டையும் மாற்றி, அறைப்பதிவு மென்பொருளின் இணைப்புக் கோப்பிலும் பிஎச்பிமைஅட்மினின் (தரவுத்தளத்தைப் பிரவுசரில் கையாளும் கருவி) கொன்ஃபிக்.இன்க்.பிஎச்பி கோப்பிலும் புதிய எண்ணை எழுதுங்கள்.

அதே லொக்கில் ஆரியா ரிகவரி ஃபெயில்ட் என்று இருந்தால் (ஆரியா என்பது அட்டவணைகளைச் சேமிக்கும் ஒரு பொறி), எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனதன் விளைவு. உங்களுடையது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் வேலை, மைஎஸ்கியூஎல் நின்ற நிலையில், டேட்டா ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் நகலெடுப்பது. நகல் முடியாமல் எதையும் தொடாதீர்கள். பிறகு ஆரியா_லொக்_கொண்ட்ரோல் என்ற கோப்பையும், ஆரியா_லொக் என்று தொடங்கி எட்டு இலக்கத்தில் முடியும் கோப்புகளையும் வேறு பெயராக்கிவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். பெரும்பாலும் எழும்பிவிடும். எழும்பினால் ஆரியா அட்டவணைகளை ஒருமுறை ரிப்பெயார் செய்துகொள்ளுங்கள்.

லொக்கில் இன்னோடிபி (அட்டவணைகளைச் சேமிக்கும் இன்னொரு பொறி) பற்றிய பிழைகள் இருந்தால் விஷயம் கொஞ்சம் பாரமானது. ஐபிடேட்டா1 கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மைஎஸ்கியூஎல் எழும்பும், பச்சையும் காட்டும், ஆனால் முன்பதிவு அட்டவணைகளைத் திறந்தால் அவை இல்லை என்று வரும். அட்டவணைகளின் விலாசமெல்லாம் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது. மை.ஐஎன்ஐயில் மைஎஸ்கியூஎல்டி பகுதியின் கீழ் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிகவரி=1 என்று ஒரு வரி சேர்த்து எழுப்பி, பிஎச்பிமைஅட்மின் வழியாக எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, பிறகு அந்த வரியை எடுத்துவிடுங்கள். 1 போதாவிட்டால் 2, 3 வரை போகலாம். 4-உம் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை.

லினக்ஸில் இதே வேலை சுருக்கம். உபுண்டுவில் «சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி» கொடுத்தால் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டும் நிரலின் பெயரும் ஒரே வரியில் வரும். அங்கே பிழை எண் 98 என்றால் இடம் பிடிபட்டிருக்கிறது. 13 என்றால் ரூட் உரிமை இல்லாமல் 1024க்குக் கீழ் கேட்டிருக்கிறீர்கள். அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் (இன்னொரு வெப் சேர்வர்) ஒன்றாகப் போட்டதுதான் வழக்கமான குற்றம், ஒன்றை நிறுத்தி, சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் செய்துவிடுங்கள். பெயர் டொக்கர்-பிரொக்சி என்று வந்தால் அதைக் கொல்லாமல், அந்தக் கொண்டெய்னரை (டொக்கர் ஓட்டும் தனிச் சூழல்) நிறுத்துங்கள்.

எல்லாம் எழும்பிய பிறகு இரண்டு வேலை பாக்கி. கொண்ட்ரோல் பனலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அப்பாச்சிக்கும் மைஎஸ்கியூஎலுக்கும் இடது ஓரத்தில் உள்ள சேர்விஸ் பெட்டியைத் தட்டி இரண்டையும் விண்டோஸ் சேர்விஸாக்குங்கள். கரண்ட் வந்து லப்டொப் எழும்பினால் யாரும் பட்டன் அழுத்த வேண்டியதில்லை. லப்டொப்புக்கு ஒன்றில் புதுப் பற்றரி, அல்லது ஒரு சின்ன யூபிஎஸ். ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் கொழுவுங்கள். ரவுட்டர் அணைந்தால் லப்டொப் ஓடினாலும் டப்லெட்டுக்கு வழியில்லை. அதே ரவுட்டரில் லப்டொப்புக்கு 192.168.1.10-ஐ ஒதுக்கியும் வையுங்கள், மின்வெட்டுக்குப் பிறகு வேறு முகவரி கொடுத்துவிட்டால் போர்ட் சரியாக இருந்தும் டப்லெட்டில் ஒன்றும் திறக்காது.

பகலில் விருந்தினர் அறைகளை விட்டுப் புறப்பட்ட பிறகு லப்டொப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். யாரும் லொகின் செய்யாமல் இரண்டு நிமிடம் விட்டு, சமையலறை டப்லெட்டில் பதிவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அறைப்பட்டியல் வந்தால் உங்கள் அப்பாச்சி முந்திக்கொண்டது. நீலப் பக்கம் வந்தால் ஐஐஎஸ் இன்னும் நிறுத்தப்படவில்லை, சேர்விஸ் பட்டியலுக்குத் திரும்பப் போங்கள்.